நரம்புப் பொருத்தம்

உட்காரும் இடத்துக்குள்ளே, எலும்புக்கும் சதைக்கும் நடுவில், பேரிக்காய் வடிவத்தில் ஒரு தசை இருக்கிறது. பிரிஃபார்மிஸ் என்று பெயர். இந்தப் பெயரை நீங்கள் கேள்விப்பட்டதில்லை என்றால் கொடுத்துவைத்தவர். மேலே படியுங்கள். ஆனால் எனக்கு யோசனை மட்டும் சொல்ல வராதீர்கள். இதுவரை யோசனை சொன்னவர்களை வரிசையில் நிறுத்தினால் உறையூரில் என் வீட்டு வாசலிலிருந்து மலைக்கோட்டை வரை நிற்பார்கள்.

டென்னிஸ் பந்தை வைத்து அதன் மேல் உட்காரச் சொன்னாள் என் நாத்தனார். உட்கார்ந்தேன். வலியோடு சேர்த்து ஒரு பந்தும் கிடைத்தது. வெறும் பலகையில் படு என்றார் மாடி வீட்டுக்காரர். அவர் படுப்பது அரையடி மெத்தையில். உப்பு ஒத்தடம், நல்லெண்ணெய், நொச்சி இலை, இடுப்பில் பெல்ட், ஊசி, மின்சாரம், குப்புறப் படுத்துக் காலைத் தூக்குவது, மல்லாந்து படுத்துக் காலைத் தூக்குவது எல்லாம் ஆயிற்று. அந்தத் தசை இறுகி, அடியில் ஓடும் சயாட்டிக் நரம்பைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றது. இடது பக்கம். இடுப்பில் ஆரம்பித்துத் தொடையின் பின்பக்கமாக இறங்கிச் சுண்டுவிரல் வரைக்கும், பழுக்கக் காய்ச்சிய கம்பியை உள்ளே விட்டு மெதுவாகத் திருப்புகிற மாதிரி இருக்கும். உட்கார்ந்தால் அதிகம். நான் வாழ்நாள் முழுக்க உட்கார்ந்தே சம்பாதித்தவள்.

நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்தேன். சாட்சி சொல்வதைக் கணினியே எழுதிக்கொள்ளும் காலம் வந்த பிறகும், அது எழுதியதைச் சரிபார்க்க ஓர் ஆள் வேண்டும் என்று என்னை அதே மர நாற்காலியில் விட்டுவைத்தார்கள். சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்பவர்களைக் கேட்டுக் கேட்டு, மனிதர்கள் மேல் எனக்கு இருந்த மரியாதை ஓய்வூதியத்துக்கு முன்பே தீர்ந்துவிட்டது. மிச்சம் இருந்ததை என் வீட்டு ஆண்கள் தீர்த்துவைத்தார்கள்.

என் கணவர் சுகுமாரன் பஞ்சாங்கம் பார்க்காமல் நகம் வெட்டமாட்டார். முன்பு காகிதத்தில் பார்ப்பார். இப்போது கைக்கடிகாரமே அவருக்கு ராகு காலம் சொல்கிறது. அறிவியல் எவ்வளவு வளர்ந்தாலும் இவரிடம் வந்தால் அது ஜோசியம்தான். என் வலியைப் பற்றி அவருக்கு ஒரே கருத்து: "நடந்தா சரியாயிடும் வளரு." வளர்மதி என்ற என் பெயரைச் சுருக்கிக் கூப்பிடுவதோடு அவருடைய அன்பு முடிந்துவிடும். மகன் நிதர்சன் அவரைவிடப் பரவாயில்லை என்று ஒரு காலத்தில் நினைத்தேன். பெற்றவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

பட்டை வந்தது அப்போதுதான். டாக்டர் பெனிட்டாவிடம் போயிருந்தேன். மற்றவர்களைப் போல, ஸ்கேனில் ஒன்றுமில்லையே, மனசைத் தைரியமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லாத ஒரே டாக்டர். கணுக்காலில் கட்டிக்கொள்ளும் இரண்டு பட்டைகளை மேசை மேல் வைத்தார்.

"நரம்பை மரத்துப்போக வச்சா மூளை சும்மா இருக்காதும்மா. தேடிக்கிட்டே இருக்கும். கொஞ்ச நாள்ல வலியை ரெண்டு மடங்காத் திருப்பிக் கொண்டாந்துரும். அழுற குழந்தை மாதிரிதான், யாராவது கேட்டாத்தான் அடங்கும். உங்க மூளைக்குப் பதிலா இன்னொருத்தர் மூளை கேக்கும். அதுக்குத்தான் இந்த ரெண்டாவது பட்டை."

"கேக்குறவங்களுக்கு?"

"வலிக்கும்."

"எவ்வளவு?"

"உங்களுக்கு எவ்வளவோ அவ்வளவு."

கேட்பவருக்கு உடம்பில் கோளாறு எதுவும் வராதாம். வலி மட்டும்தானாம். அந்த 'மட்டும்' என்ற சொல்லைக் கண்டுபிடித்தவனை ஒரு நாள் என் நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும்.

காசுக்கு வலி தாங்க ஆள் பிடிக்கக்கூடாது என்று அரசாங்கம் சட்டம் போட்டது. குடும்பத்துக்குள் மட்டும்தான் மாற்றிக்கொள்ளலாம். பெற்றவர், பிள்ளை, கூடப்பிறந்தவர், கணவன், மனைவி. பிறகு திருத்தம் ஒன்று வந்து மருமகளையும் சேர்த்தார்கள். மருமகனைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். ஒருவரும் ஞாபகப்படுத்தவில்லை. அன்பால் மட்டுமே தாங்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. அன்பு எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் ஓடும் என்று எழுதவில்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எங்கள் தெருவிலேயே கோடி வீட்டு அம்மாள் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கிரிவலம் போக ஆரம்பித்தாள். மருமகள் கணுக்காலில் பட்டையோடு கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஜன்னல் வழியாகத் தெரியும். மாமியாருக்கு என்ன வலியென்று அந்தப் பெண்ணுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்த்துக்கொண்டே அந்த அம்மாளிடம் பட்டை எங்கே வாடகைக்குக் கிடைக்கும் என்று கேட்டேன். இதில் என்னை நான் உயர்த்திப் பேசிக்கொள்ளப் போவதில்லை. ஒரு இரவு புரண்டு படுக்க முடிந்தால் போதும் என்று இருப்பவளிடம் நியாயம் எல்லாம் நிற்காது.

எல்லோருடைய நரம்பும் எல்லோருடைய நரம்போடும் பேசாது. பொருத்தம் பார்க்க வேண்டும். பட்டையைக் கட்டினால் ஒரு விளக்கு எரியும். பச்சை என்றால் பொருத்தம், சிவப்பு என்றால் இல்லை. அப்பாவும் மகனும் ஒரு நல்ல நாள் பார்த்து மருத்துவமனைக்குப் போய் வந்தார்கள். எனக்கு அன்று எழுந்திருக்க முடியவில்லை. என் அளவை ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார்கள், அதோடு ஒப்பிட்டால் போதும். திரும்பி வந்து இரண்டு பேருக்கும் சிவப்பு என்றார்கள். சொல்லும்போது இருவர் முகத்திலும் இருந்த சோகத்தைப் பார்த்தபோது, பொய்ச் சாட்சிகளையே கேட்டுப் பழகிய எனக்கே நம்பத் தோன்றியது.

பிறகுதான் நிதர்சனுக்குப் பெண் பார்க்கும் படலம். அதுவரை கல்யாணமே வேண்டாம் என்றவன், அம்மாவுக்காகச் செய்துகொள்கிறேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். கேட்ட பெண்மணிகள் எல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்றார்கள். நானும் உருகத்தான் செய்தேன். தரகர் ராமானுஜம் விளம்பரத்தைத் தானே எழுதினார்: நகை வேண்டாம், சீர் வேண்டாம், ஜாதகம்கூட இரண்டாம் பட்சம், நரம்புப் பொருத்தம் மட்டும் அவசியம். எங்களைத் தங்கமான மனிதர்கள் என்று போகிற இடமெல்லாம் சொன்னார். ஒன்றுமே கேட்காமல் ஒருத்தியின் இடுப்பிலிருந்து பாதம் வரை எழுதி வாங்கிக்கொள்கிறவர்களுக்குத் தங்கம் என்று பெயர்.

தஞ்சாவூரில் ஒரு இடம் அமைந்தது. பெண் பெயர் ஆதிரை. ஞாயிற்றுக்கிழமை மதியம் போய்விட்டு, நாலரைக்கு ராகு காலம் வருவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று கணவர் அவசரப்படுத்தினார். வண்டி தானாக ஓடுகிற வண்டி. நில் என்றால் நிற்கும், போ என்றால் போகும். வீட்டில் என் பேச்சைக் கேட்கிற ஒரே ஜீவன் அதுதான். ஆனாலும் தஞ்சாவூர் வரை உட்கார்ந்து போவது எனக்கு எப்படி இருந்தது என்று சொல்லப்போவதில்லை. என் பட்டையை இடது கணுக்காலில் புடவைக்குள்ளே கட்டிக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். முன்னால் இருந்த இருவரும் தூங்கினார்கள்.

பெண் வீட்டில் வரிசைத் தட்டு வைத்தோம். பழம், பூ, வெற்றிலை பாக்கு, நடுவில் இரண்டாவது பட்டை. அதற்குச் சந்தனம் குங்குமம் வேறு வைத்திருந்தார் என் கணவர். கேசரியும் பஜ்ஜியும் வந்தன. பெண்ணின் அப்பா, இந்தக் காலத்தில் ஒன்றுமே கேட்காத சம்பந்தி கிடைப்பது அபூர்வம் என்று கையைக் கூப்பினார். பெண்ணின் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, ரகசியம் மாதிரிச் சொன்னாள்.

"நல்லாத் தாங்குவாங்க எங்க பொண்ணு. சின்ன வயசுலேருந்தே எதையும் வெளிய சொல்ல மாட்டா."

அதைப் பெருமையாகச் சொன்னாள். நான் பதிலுக்குச் சிரித்தேன். பஜ்ஜியைவிட எளிதாக அது எனக்குள் இறங்கியது.

ஆதிரை காபி கொண்டு வந்தாள். சாதாரணப் பெண். கண் மட்டும் நேராகப் பார்த்தது. என்னைக் கும்பிட்டு எழுந்தவள், நான் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருப்பதைக் கவனித்து, உள்ளே போய் ஒரு தலையணை எடுத்துவந்து வலது பக்கத்தில் முட்டுக் கொடுத்தாள். யாரும் சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இவளுக்குப் பச்சை எரிய வேண்டும் என்று தோன்றியது. நல்ல பெண், சொல்லாமலே தாங்குவாள் என்று. இவ்வளவுதான் நான்.

அவளை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். என் கணவர் கடிகாரத்தைப் பார்த்து நேரம் நன்றாக இருக்கிறது என்றார். பெண்ணின் அம்மா பட்டையை எடுத்தாள். "வலது கால்ல கட்டுங்கம்மா, வலது கால்ல," என்று கணவர் இரண்டு தடவை சொன்னார். கட்டினாள். எல்லோரும் குனிந்தார்கள்.

சிவப்பு.

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கமே இல்லாமல் வந்தது. திரும்பிப் போகும் பயணம் ஞாபகம் வந்தது. ராத்திரி ஞாபகம் வந்தது. பெண்ணின் அப்பா முகம் தொங்கிப்போயிற்று. என் கணவர் உச்சுக்கொட்டினார்.

"எங்க ரெண்டு பேருக்கும் இப்படித்தாங்க. கட்டுன உடனே இதே மாதிரி சிவப்பு."

இதே மாதிரி. நான் ஆதிரையின் காலைப் பார்த்தேன். புடவைக்குள் இருக்கும் என் காலை நினைத்தேன்.

"நீங்க எந்தக் கால்ல கட்டுனீங்க?" என்றேன்.

"எதுக்கு?"

"சொல்லுங்க."

"வலது கால்லதான். முதமுதல்ல கட்டுறதை யாராவது இடதுலயா கட்டுவாங்க?"

"எனக்கு வலி எந்தக் கால்ல?"

அவர் யோசித்தார்.

நான் சொல்வதை நீங்கள் சரியாகக் கேட்க வேண்டும். என்னோடு ஒரே கட்டிலில் படுக்கிற மனிதர், எத்தனையோ இரவு என் முனகலைக் கேட்டுப் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டவர், எந்தக் கால் என்று யோசித்தார். என் முகத்தைப் பார்த்தார், என் மடியைப் பார்த்தார், கடைசியில் தலையணை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தார். என்னைப் பார்த்துக் கால் மணி நேரமே ஆன பெண்ணுக்குத் தெரிந்திருந்தது.

இடது நரம்பு வலதோடு பேசாது என்று புரிந்துகொள்ள டாக்டராக வேண்டியதில்லை. பெண்ணின் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. முகம் மலர்ந்தது. "அப்படின்னா மறுபடி இடது கால்ல பாத்துருவோங்க," என்று எழுந்தார். ஆதிரை இடது காலை நீட்டினாள்.

அந்தக் காலையும் நான் பார்த்தேன். அதற்குப் பச்சை எரிந்தால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மனசுக்குள் கோடி வீட்டு ஜன்னல் தெரிந்தது.

"அவளுக்கு வேண்டாம். நிதர்சன், நீ கட்டு."

"அம்மா, இங்க எதுக்கும்மா? வீட்டுல போய்ப் பாத்துக்கலாம்."

"வீட்டுலதானேடா இத்தனை நாளா இருந்தோம்?"

"இல்லம்மா, எனக்குப் பொருந்தாதுன்னு அப்பவே..."

"வலது கால்ல பொருந்தல. இடது கால்ல கட்டு."

அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என் மகன், எனக்காகவே கல்யாணம் செய்துகொள்ளும் உத்தமன், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "ஆஸ்பத்திரியில அப்பவே சொன்னாங்கம்மா, இடது கால்ல கட்டணும்னு. ஒருதரம் சிவப்பு வந்துடுச்சே, அப்புறம் எதுக்குன்னு..."

முடிக்கவில்லை. தேவையும் இல்லை. எத்தனையோ சாட்சிகள் கூண்டில் இந்த இடத்தில்தான் நிறுத்துவார்கள். அவர் பஞ்சாங்கம் பார்த்து முட்டாளானார். இவன் தெரிந்தே வாயை மூடிக்கொண்டான். முட்டாள்தனம்கூடத் தேவலை.

ஆதிரை தன் காலிலிருந்த பட்டையைக் கழற்றி எழுந்து வந்தாள். "இந்தாங்க," என்று அவனிடம் நீட்டினாள். கிண்டல் ஒன்றும் இல்லை, தட்டில் காபி நீட்டுகிற மாதிரிதான் நீட்டினாள். பெண் பார்க்க வந்த வீட்டில், பெண் கொடுப்பதை வாங்காமல் இருக்க முடியுமா? வாங்கிக் கட்டினான்.

பச்சை. அவ்வளவு அழகான பச்சை.

என் பட்டையில் பொருத்தம் பார்ப்பதற்கு ஒரு பொத்தான், வலியை ஓட விடுவதற்கு ஒரு பொத்தான். நான் யாரையும் கேட்கவில்லை. புடவையைக் கொஞ்சம் தூக்கி, இரண்டாவது பொத்தானை அழுத்தினேன்.

வலி போனது. எத்தனையோ வருஷமாக ஓடிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஜெனரேட்டரைச் சட்டென்று நிறுத்தினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. அவ்வளவு நாளும் எவ்வளவு இரைச்சலில் இருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. தலையணையைத் தள்ளினேன். கையை ஊன்றாமல் எழுந்தேன். காபி டம்ளரை எடுத்துக்கொண்டு வாசல் வரை நடந்தேன். நேராக நடந்தேன். தெருவில் ஒருவன் பூ விற்றுக்கொண்டு போனான். எதிர்வீட்டில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அதையெல்லாம் நின்று பார்க்க முடிந்தது. சந்தோஷமாக இருந்தது, வேறு எப்படிச் சொல்ல?

பின்னால் நிதர்சன் கத்தினான். முதலில் ஐயோ என்றான். பிறகு அம்மா என்றான். நாற்காலி சாய்கிற சத்தம் கேட்டது. கொக்கியைத் தானே கழற்றலாம், இரண்டு கை வேண்டும். இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தான் போலிருக்கிறது. என் கணவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அன்று முழுப் பெயரையும் சொன்னார்.

பெற்ற வயிறு பதறியிருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள். பதறியது. ஆனால் காபி மீதி இருந்தது. நல்ல காபி. நின்றுகொண்டே, அவசரப்படாமல், கடைசி வாய் வரை குடித்தேன்.

ஆதிரைதான் குனிந்து அவன் காலிலிருந்து கொக்கியை விடுவித்தாள். வலி வந்துவிட்டது. பழைய இடத்துக்குப் பழைய மாதிரியே வந்து உட்கார்ந்தது. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டேன்.

அப்புறம் அங்கே பேச ஒன்றும் இல்லை. நிதர்சன் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். முழுதாக ஒரு டம்ளர் காபி குடிக்கும் நேரம் தாங்கியிருக்கிறான். பெண்ணின் அப்பா இன்னும் ஆசை விடாமல், இன்னொரு நாள் நிதானமாகப் பேசலாமே என்றார். நான் வண்டிக்குக் கிளம்பினேன். வாசற்படி மூன்றையும் பார்த்து நின்றபோது, ஆதிரை கையில் பட்டையோடு என் பக்கத்தில் வந்தாள்.

"ஆன்ட்டி, வண்டி வரைக்கும் நான் கட்டிக்கவா? இடது கால்ல."

அவள் அம்மா உள்ளேயிருந்து ஏதோ சொன்னாள். எனக்கு ஆசையாக இருந்தது. பொய் சொல்லவில்லை, அந்த மூன்று படிக்கு மட்டும் ஆசையாக இருந்தது. பட்டையை அவள் கையிலிருந்து வாங்கிக் கைப்பைக்குள் போட்டேன்.

"வேண்டாம்மா. எங்களுக்கு நீ யாருமில்ல. அப்படியே இரு."

எனக்குத் தெரிந்த ஆசீர்வாதம் அதுதான்.

திரும்பும்போது நான் முன்னால் உட்கார்ந்தேன். பின்னால் அப்பா மகனின் காலை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு அமுக்கிவிட்டார். இடது கால். அது எந்தக் கால் என்று அவர் யோசிக்கவில்லை. இப்பவும் சுருக்கென்று இழுக்குதுப்பா என்று அவன் அனத்தினான். வலி என்னிடம் வந்துவிட்டது, அவனிடம் இருந்தது அதன் நினைப்பு. நினைப்புக்கே இந்த உபசாரம்.

வல்லம் தாண்டியதும் கணவர் தரகரைக் கூப்பிட்டுப் பேசினார். நான் கேட்கமாட்டேன் என்று நினைத்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். எனக்குக் காதில் வலி இல்லை.

"இந்த இடம் சரிப்படாது ராமானுஜம். பொண்ணு கொஞ்சம் வாயாடி மாதிரி தெரியுது. வேற ஜாதகம் இருந்தா அனுப்புங்க... ஆமா ஆமா, நரம்புப் பொருத்தம் முக்கியம். இந்தத் தடவை மொதல்லயே இடது கால்ல பாத்துருவோம்."

அவ்வளவுதான் அவர் கற்றுக்கொண்டது. மகன் காலை இன்னும் கொஞ்சம் வாகாக நீட்டிக் கொடுத்தான்.

வண்டியை நிறுத்தச் சொன்னேன். ஓரமாக ஒதுங்கி நின்றது. கதவைத் திறந்து, மேற்கூரையைப் பிடித்துக்கொண்டு இறங்கி, பின்கதவைத் திறந்தேன். கைப்பையிலிருந்து பட்டையை எடுத்தேன். அதன் மேல் சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. என் கணவர் பட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு எப்போதும் போலக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"வளர்மதி, இப்ப ராகு காலம்."

"தெரியும். இடது காலை நீட்டுங்க."